சந்தனம் வைத்த சிடி

சிடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆள்காட்டி விரலை நடு ஓட்டைக்குள் விட்டு, கட்டை விரலை ஓரத்தில் கொடுத்து, அழுத்தாமல் தூக்க வேண்டும். பளபளப்பான பக்கத்தில் விரல் படவே கூடாது. எங்கள் சொந்தத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குக்கூடச் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரசத்துக்கு ஆள் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார்.

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் கலைத்துப் போடுவதை மடித்து வைப்பதுதான் வேலை. ஓர் அம்மா வந்து முன்னால் ஒரு மலையே குவியும்வரை சேலைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "இன்னொரு நாள் வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்து போனால், அத்தனையையும் பழைய மடிப்பு மாறாமல் மடித்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வரும். ஒரு பொருள் என்றால் வந்தது வந்தபடி இருக்க வேண்டும். இதற்கு நான் ஒழுங்கு என்று பெயர் வைத்திருக்கிறேன். என் மனைவி வேறு பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.

வீடு மேலகரத்தில். ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துச் சாரல் கேட்காமலே வீட்டுக்குள் வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து, ஆகா ஓகோ என்று வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர்களுக்கென்ன, ஊருக்குப் போய்விடுவார்கள். இங்கே உப்பு கசியும், அப்பளம் தொய்ந்து போகும், தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிரும், பீரோவில் தொங்கும் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் பூக்கும். பெல்ட்டில் பூத்தால் துடைத்துக் கட்டிக்கொள்ளலாம். சிடியில் பூத்தால் என்ன செய்வது? உலகத்தில் எவ்வளவோ கவலை இருக்க, எனக்கு இந்தக் கவலை.

எங்களிடம் இருந்ததோ மொத்தம் மூன்று சிடி. எங்கள் கல்யாண வீடியோ. முதலாவதில் தாலிகட்டு, இரண்டாவதில் ரிசப்ஷனும் சாப்பாடும், மூன்றாவதில் குற்றாலம் 'அவுட்டோர்'. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கல்யாணம் ஆன எல்லாரையும்போல எங்களையும் பட்டும் மாலையுமாக அருவிக்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வீடியோக்காரர் என் முகத்தைத் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, சரிவராது என்று தெரிந்ததும் பெண்ணின் முகத்தைத் திருப்பினார். பிறகு எங்களைச் சுற்றி ஓர் இதயம் வரைந்து அதைச் சுழல விட்டார். அந்த இதயத்துக்குள் நான், சைக்கிள் திருட்டுப் போனதற்குப் புகார் கொடுக்க வந்தவன் மாதிரி நிற்பேன்.

ஆனால் அந்த மூன்றாவது சிடிதான் வீட்டுக்குப் பொக்கிஷம். காரணம் என் மாமனார்.

கல்யாண வீடியோக்களில் யார் பேசுவதும் கேட்காது என்பது எல்லாருக்கும் தெரியும். முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். தாலி கட்டும்போது மாமனார் எதையோ சொல்கிறார். வாய் மட்டும் அசையும், பாட்டுக்காரரின் குரல் வரும். ஆனால் மூன்றாவது சிடியின் கடைசிப் பகுதியில், இரண்டு வீட்டாருமாக ஐந்தருவியில் குளித்த இடத்தில், பாட்டுப் போட மறந்தார்களோ, கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டதோ, அசல் சத்தம் அப்படியே இருந்தது. அருவியின் இரைச்சல், ஆட்களின் கூச்சல், நடுவில் மாமனார் மகளைக் கூப்பிடுகிற குரல். "ஏட்டீ!"

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் குளிக்கிற இடம் அது. இந்தப் பக்கம் நின்று அவர் கூப்பிட்டது அன்றைக்கு அவளுக்குக் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? சிடி வந்த பிறகுதான் கேட்டாள். அடுத்த வருஷம் அவர் வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தவர், எழுந்திருக்கவில்லை. போட்டோ இருக்கிறது, அவர் வாங்கித் தந்த பீரோ இருக்கிறது. குரல் இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இருந்தது. அவளை ஏட்டி என்று கூப்பிட ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அப்பா கூப்பிட்டால் கடைசி எழுத்து நீண்டு மேலே போய் நிற்குமாம். 'என்ன வேணும் உனக்கு' என்கிற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்குமாம். அதைக் கேட்கத்தான் அவளுக்கு அந்தச் சிடி வேண்டும்.

இப்படிப்பட்ட ஒன்றைக் காக்கிற பொறுப்பு என்னைப் போன்ற ஒருவனிடம் வந்தால் என்ன ஆகும்? நான் கோயில் சொத்தைக் காக்கிற மாதிரி காத்தேன். கடையில் மிஞ்சும் மெல்லிய மல் துணித் துண்டுகளைக் கொண்டுவந்து துவைத்துக் காயவைத்து வைத்துக்கொண்டேன். சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். கீறல் குறுக்கே விழுந்தால் கருவி எப்படியோ தாண்டிப் படித்துவிடும், வட்டமாக விழுந்தால் தடத்தோடு போய்ச் சேதம் செய்யும். இதை எங்கேயோ படித்திருந்தேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். வேட்டி முனையால் துடைக்கவே கூடாது. பால்பாயின்ட் பேனாவால் மேலே எழுதக் கூடாது. படுக்கப் போட்டு அடுக்கக் கூடாது, டப்பாவோடு நிற்க வைக்க வேண்டும். தரையில் வைக்க நேர்ந்தால் பளபளப்பு மேலே பார்க்க, எழுத்துப் பக்கம் கீழே படும்படி வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதி என் சொந்தக் கண்டுபிடிப்பு. உயிர் இருப்பது பளபளப்பில், மேல் பக்கம் வெறும் சட்டை என்பது என் சித்தாந்தம். அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பிறகு சொல்கிறேன்.

ஈரத்தை விரட்ட, பக்கத்துச் செருப்புக்கடையில் புதுச் செருப்புப் பெட்டிகளுக்குள் கிடக்கும் வெள்ளைக் குருணைப் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி டப்பாக்களுக்கு நடுவில் வைத்தேன். அது போதாது என்று தோன்றிய ஒரு சாரல் காலத்தில், சிடிகளைப் பாலித்தீன் பையில் கட்டி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் அல்லவா? மறுநாள் உலையில் அரிசி போட வந்த மனைவி உழக்கை உள்ளே விட்டாள், கடக்கென்று சத்தம் கேட்டது.

"அரிசிக்குள்ள நம்ம கல்யாணம் கெடக்கு. இன்னைக்குச் சோறா, விருந்தா?" என்று கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. உழக்கு எந்தப் பக்கம் இடித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காப்பது என்று வந்துவிட்டால் எடுத்துப் பார்ப்பது குறைய வேண்டும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் சிடிக்கு ஆயுள் குறைகிறது என்று நம்பினேன். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை, மாமனார் திதியன்று காலையில், ஆலங்குளத்துக்கு மச்சினன் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மட்டும் மூன்றாவது சிடி ஓடும். ரேஷன் கடையில்கூட மாதாமாதம் போடுகிறார்கள். இடையில் அவள் கேட்பாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்டாள். மகள் கல்லூரி விடுதிக்குப் போய் வீடு வெறிச்சென்று ஆன அன்றைக்குக் கேட்டாள். "ஒரே ஒரு தடவ போடுங்களேன், அந்த எடத்த மட்டும்."

ஆனி ஆடியில் கேட்டால் ஈரப்பதம் என்பேன். சித்திரையில் கேட்டால் கரண்ட் ஏறி இறங்குகிறது என்பேன். மழை வெயில் இரண்டும் இல்லாத மாசியில் கேட்டால், தூசி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, கொடுக்க மனம் இல்லாதவனுக்குப் பருவம் கோணல். கொஞ்ச காலத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சிடியின் அருமை ஒருவழியாக அவளுக்கும் புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. ஆலங்குளத்தில் அப்பாவின் நிலத்தில் தக்காளியும் கத்தரியும் போடுகிறான். எதையும் இரண்டு விரலால் பிடிக்கத் தெரியாது, முழுக்கையால்தான் பிடிப்பான். மாமனார் காலமான மறு வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தவன், நான் கடையிலிருந்து திரும்புவதற்குள் மூன்றாவது சிடியைச் சட்டைப் பையில் போட்டு எடுத்துப் போய்விட்டான். டப்பாகூட இல்லை. சட்டைப் பையில்! எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் காலையில் சாப்பிடாமலே பஸ் ஏறினேன். ஆலங்குளத்தில் இறங்கி வயல் வரப்பில் நடக்கும்போது தக்காளிச் செடிகளுக்கு மேலே கயிறு கட்டி வரிசையாகச் சிடிகள் தொங்கின. காற்றில் சுற்றிச் சுற்றி மின்னின. மயிலை விரட்ட அவன் கண்ட வழி அது. வரப்பில் நின்றபடியே ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஓடி ஓய்ந்த சினிமாப் படங்கள். எங்கள் கல்யாணம் அதில் இல்லை.

அது மச்சினன் வீட்டில் பிளேயருக்கு மேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் புரோட்டா சால்னா விரல் ஒன்று பதிந்திருந்தது.

அன்று நான் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. அவன் பொறுமையாக நின்றான். கடைசியில், "ஒரு சிடிக்கா அத்தான் இப்படிக் குதிக்கீங்க? ஒரு காப்பி போட்டுக்கிடுதேன், குடுத்துருதேன். அப்பா எனக்குந்தான அப்பா" என்றான்.

"அப்பா உனக்குந்தான். சிடி எனக்கு" என்றேன். காப்பி எடுக்கும்போது சூடாகிச் சிடி கெட்டுவிடும் என்றும் ஒரு விஞ்ஞானம் பேசினேன். இப்படிச் சொன்ன வாயைத்தான் இவ்வளவு காலமும் வைத்துக்கொண்டு சாப்பிட்டு வருகிறேன். அதற்குப் பிறகு அவன் வா என்றால் போவேன், திதிக்கு உட்கார்ந்து சாப்பிடுவேன். பேச்சு என்னவோ அளந்த பேச்சாகிவிட்டது.

இனி சரஸ்வதி பூசை. பூசைக்கு முந்தின நாள் எங்கள் பக்கம் எந்தப் பொருளும் தப்பாது. வண்டி, தையல் மெஷின், மிக்ஸி, கத்தரிக்கோல் எல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். கடையில் கெஜக்கோலுக்குக்கூட வைப்போம். வீட்டில் சிடிகளுக்கு நான் டப்பாவின் மேல் வைப்பதுதான் வழக்கம். போன வருஷம் அந்த டப்பாக்கள் கீல் உடைந்து, கண்ணாடி வெடித்துப் போயிருந்தன. உடைந்த டப்பாவுக்குப் பொட்டு வைப்பதா என்று, மூன்றாவது சிடியை மட்டும் வெளியே எடுத்தேன். அது அல்லவா வீட்டுக்குச் சரஸ்வதி. என் சித்தாந்தப்படி பளபளப்பைக் கீழே படாமல் காத்து, எழுத்துப் பக்கத்தில், நல்ல குழைவான சந்தனமாக மூன்று பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். மனைவி சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"சிடிக்கெல்லாமா?" என்றாள்.

"இதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்க?" என்றேன்.

பூசை முடிந்து எடுக்கும்போது சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. மல் துணியால் தேய்த்தால் போகவில்லை. தேய்க்கக் கூடாது என்பது என் விதி வேறு. அதனால் நகத்தால் மெதுவாக நெம்பினேன். பொட்டு முழுசாகப் பெயர்ந்து வந்தது. அடியில் வெள்ளியாக மினுமினு என்று ஏதோ ஒட்டியிருந்தது. இப்போதெல்லாம் குங்குமத்தில் ஜிகினா கலக்கிறார்கள், கலிகாலம் என்று சொல்லிவிட்டு, சிடியைப் புது டப்பாவுக்குள் வைத்து, பொட்டலங்களை அடுக்கி, பீரோவுக்குள் நிறுத்திப் பூட்டினேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

இந்த வருஷம் திதியன்று காலையில் நல்ல சாரல். மனைவி குளித்து, தலையில் துண்டு கட்டி, டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வழக்கம்போலப் பிளேயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சிடி ஓடும்போது நான் ஒருநாளும் உட்கார்ந்து டிவியைப் பார்த்ததில்லை. ஒரு கையைப் பிளேயரின் மேல் வைத்து, உள்ளே ஏதாவது உரசுகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

இதயம் சுழன்றது. புகார் கொடுக்க வந்தவன் வந்து நின்றான். பாட்டு ஓடியது. பிறகு பாட்டு நின்று, அருவிச் சத்தம் ஆரம்பித்தது. மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். இதெல்லாம் எனக்குச் சத்தத்தை வைத்தே தெரியும். திரையில் துண்டு போட்ட ஒரு தோள் வந்தது என்று அவள் பிறகு சொன்னாள். அந்தத் தோள் அப்படியே கட்டம் கட்டமாக உடைந்தது. கர் கர் என்று பிளேயர் திணறியது. அருவிச் சத்தம் ஒரே ஒரு சொட்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு நின்றது. திரை நீலமாகிவிட்டது.

"சாரல்தான். கொஞ்சம் இரு" என்றேன்.

வெளியே எடுத்தேன். மல் துணி, நடுவிலிருந்து ஓரத்துக்கு. மறுபடியும் போட்டேன். தோள் வரை வந்து நின்றது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றாட உலர்த்திப் போட்டேன். தோள். பிளேயருக்குள் ஒளி விழும் கண்ணாடியைத் துடைத்தேன். தோள். அதன் பிறகு எனக்கு நிதானம் போய்விட்டது. வாயால் ஊதினேன். வேட்டி முனையால் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தேன். பல்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்று யாரோ சொன்னதற்கு ஒரு காலத்தில் அவரோடு சண்டையே போட்டிருக்கிறேன்; போய்ப் பல்பசையை எடுத்து வந்தேன். என் வாழ்நாளில் யார் யாரை எதற்கெல்லாம் திட்டினேனோ, அத்தனையையும் அந்தக் காலை நேரத்துக்குள் ஒன்றுவிடாமல் செய்து முடித்தேன். முதலில் தோளாவது வந்தது. பிறகு இதயம்கூட வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி, அந்தக் குரங்கும் ஓடிப்போன கதை.

பல்பசையைக் கழுவிவிட்டு, எங்கே கீறல் என்று பார்ப்பதற்காகச் சிடியை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கீறல் தெரியவில்லை. மூன்று இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஓட்டுக்கூரையில் ஓடு விலகின இடம் மாதிரி, வட்டமாக, அந்தப் பக்கத்து வெளிச்சம் அப்படியே இந்தப் பக்கம் வந்தது. பக்கத்தில் வந்து நின்ற மனைவியும் பார்த்தாள்.

"மூணும் நீங்க பொட்டு வச்ச எடந்தான்" என்றாள்.

பிறகு போனில் தேடிப் படித்தேன். படமும் சத்தமும் பதிந்திருப்பதெல்லாம் சிடியின் மேல் பக்கத்தில்தானாம். நாம் உயிர் என்று பொத்திக் காக்கிற பளபளப்புப் பக்கத்தில் இருப்பது தடித்த பிளாஸ்டிக். அதில் கீறல் விழுந்தால்கூடப் பிழைக்க வைக்கலாமாம். எழுத்துப் பக்கத்தில்தான் வெள்ளிப் படலத்துக்கு மேலே முடி கனத்தில் ஒரு தோல் இருக்கிறது, அது பெயர்ந்தால் அவ்வளவுதான். நான் சட்டை என்று நினைத்தது உடம்பு. அதைத்தான் இத்தனை வருஷமும் தரையில் படும்படி கவிழ்த்துக் கவிழ்த்து வைத்து, கடைசியில் நகத்தால் நெம்பி எடுத்துக் கலிகாலம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அவள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் காயப்போடப் போனாள். வெளியில் விடாத சாரல், துண்டு காயப்போவதில்லை. இருந்தும் அதைக் கொடியில் விரித்துப் போட்டு, ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். காய்ச்சலில் கிடந்து அவள் கேட்ட அந்த நாளில் போட்டுக் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது. தேய்ந்தால் தேய்ந்து தொலைந்திருக்கும். காது நிறையக் கேட்டாவது இருப்பாள்.

தென்காசிக்கு வந்து ஆலங்குளம் பஸ் ஏறினோம். வீடியோ எடுத்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக்கடை இருக்கிறது. பஸ் அதைத் தாண்டும்போது அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், நான் இந்தப் பக்கம் பார்த்தேன். சிடியை மல் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். செத்துப்போன சிடியையும் ஓரத்தில்தான் பிடித்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திதி முடிந்தது. காக்கைக்கு வைத்து, இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்தோம். மச்சினன் வெற்றிலைத் தட்டை நீட்டினான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, சொகமில்லையா?" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லித்தானே ஆக வேண்டும். துணியைப் பிரித்து, சந்தனம், நகம், ஜிகினா எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு இதே முற்றத்தில் நின்று கத்தினவன் நான். இப்போது குரல் எனக்கே கேட்கவில்லை. சிரிப்பான், அல்லது அன்றைக்கு நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் சரி என்றுதான் இருந்தது.

அவன் சிடியை வாங்கி, முழுக்கையால்தான், சாரல் எட்டாத ஆலங்குளத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து மூன்று ஓட்டை வழியாகவும் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"அத்தான், ஏசக் கூடாது."

"என்னப்பா?"

"நீங்க அன்னைக்கு வந்து சத்தம் போட்டீங்கள்லா? அதுக்கு முந்தின நாளே கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து காப்பி போட்டுட்டேன். சொன்னா அதையும் புடுங்கிட்டுப் போயிருவீங்கன்னு, போடாதவன் மாதிரி கேட்டு வச்சேன்."

மனைவி எழுந்து நின்றாள். "ஏலே, அப்பா சத்தம் இருக்கா அதுல?"

"எல்லாம் இருக்குக்கா. சிடியிலயிருந்து கம்ப்யூட்டரு, அதுலயிருந்து பென்டிரைவு, இப்ப என் போன்லயும் கெடக்கு. வருசா வருசம் திதியன்னைக்குப் போடுதோம். நீங்க ரெண்டு பேரும் பஸ் ஏறின பெறவு."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நாங்கள் பஸ் ஏறுவதற்காகக் காத்திருந்து, ஒவ்வொரு வருஷமும் அந்த வீடு அவள் அப்பாவின் குரலைக் கேட்டிருக்கிறது. அவள் பாதி வழியில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள், காலையில் ஒரு தடவை கேட்டதை நினைத்துக்கொண்டு, பக்கத்தில் நான். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது, ஏமாற்றியிருக்கிறானே. தேடிப் பார்த்தேன், ஒரு துளி வரவில்லை.

"போடுலே" என்றாள் அவள்.

டிவியின் பின்னால் பென்டிரைவைச் செருகினான். பிளேயர் கிடையாது, உரசல் கிடையாது, கை வைத்துக்கொண்டு நிற்க ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் நானும் நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அந்த இடத்தை முழுசாகப் பார்த்தேன்.

துண்டு போட்ட தோள் வந்தது. உடையவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மாமனார் அருவிக்குள் போய்த் தலையைக் கொடுத்து, மூச்சு முட்டி, வெளியே வந்து சிரித்தார். பெண்கள் பக்கம் திரும்பி, கையைக் குவித்து வைத்து, "ஏட்டீ!" என்றார். கடைசி எழுத்து நீண்டு மேலே போய் நின்றது. மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, தோள் குலுங்கியது.

கேமரா பக்கவாட்டில் நகர்ந்தது. கரையில் ஒருவன் நிற்கிறான். உலர்ந்த வேட்டி, உலர்ந்த சட்டை. இரண்டு கை முழுக்கப் பிறருடைய வாட்ச். கழுத்தில் யாருடையதோ சங்கிலி. கட்கத்தில் துண்டுகள், நெஞ்சோடு சேர்த்து அணைத்த ஒரு பை. கண் அருவியைப் பார்க்கவில்லை, காலடியில் கழற்றிக் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கல்யாணம் ஆகி மாலையின் வாடைகூடப் போகாத மாப்பிள்ளை. நான்.

"மாப்ள!" என்று கூப்பிட்டார் மாமனார். இப்படி ஒரு குரல் அந்தச் சிடிக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும், காதில் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் உள்ளே உரசுகிறதா என்றல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன். "அதையெல்லாம் அங்கன போட்டுட்டு வாங்க மாப்ள. ஒண்ணும் ஆவாது. தண்ணி அம்புட்டு நல்லாருக்கு!"

திரையில் இருந்தவன் தலையை ஆட்டி மறுத்தான். பையை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டான். மாமனார் ஒரு நொடி அவனையே பார்த்தார், பிறகு சிரித்தபடி தண்ணீருக்குள் திரும்பிப் போய்விட்டார். படம் முடிந்தது.

"அந்த எடத்த இன்னொரு தடவ போடு" என்றாள் மனைவி. போட்டான். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் போட்டான். தேயுமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவன் மல் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், அந்தச் சிடி வேண்டாம்னா தாங்க. தக்காளிக்குள்ள திரும்பவும் மயிலு வருது" என்று மச்சினன் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. மடித்த துணிக்குள் வைத்து, ஓரத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

டிவியில் அவர் மறுபடியும் கூப்பிட்டார். "மாப்ள! அதையெல்லாம் அங்கன போட்டுட்டு வாங்க."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்து, அப்பாவிடம் பதில் சொன்னாள்: "எத்தன தடவ கூப்பிட்டாலும் அவுக வரமாட்டாவப்பா. நீங்க குளிங்க."